அண்ணன் மறதிக்காரர் அல்லர்

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. பூசை முடிந்து கோயில் வாசலில் இந்த நினைவு மலரை வாங்கிக்கொள்ளும் உறவினரும் நண்பர்களும், படத்தைப் பார்த்துவிட்டு அலமாரியில் செருகிவிடாமல், தயவுசெய்து கடைசி வரி வரை படிக்க வேண்டும். அண்ணனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடு என்றுதான் வீட்டில் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால் எனக்குக் கால் தரிக்கவில்லை. மூன்று முறை எழுந்து தெருமுனை வரை போய்வந்துவிட்டேன். இனி எழுந்திருப்பதில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்தில். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். எனக்கு நினைவு தெரியுமுன்பே அவர் காலமாகிவிட, அம்மா மீன் கூடை தூக்கினார். அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டு ரயில்வேயில் கலாசியாக, எடுபிடிக் கூலியாளாகச் சேர்ந்து, உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில் சிக்னல் கேபினில் லீவர்மேன் ஆனார். அவர் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சோற்றை நின்றுகொண்டே சாப்பிடுவார். பிரசங்கம் நீண்டால் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து நிற்பார். பெண் பார்க்கப் போன வீட்டில், காபி வருவதற்குள் மூன்று தரம் வாசலுக்குப் போய் வந்தாராம். பெண்ணின் தகப்பனார் கவலையோடு, “மாப்ளைக்கு வயித்துல இன்னா கோளாறு?” என்று கேட்டாராம். அந்தப் பெண்தான் நம் அண்ணி.

இப்படிப்பட்டவருக்கு எங்கள் ஜங்ஷனைப் போல வாய்த்த இடம் வேறில்லை. தென்னாட்டின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது என்று நாம் பெருமை பேசுகிறோம். அந்த ஒரு பாதை கிளைவிட்டுக் கிளைவிட்டு என்ன ஆயிற்று என்பது கேபின் மாடியில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு பக்கம் துறைமுகத்துக் கூட்ஸ், ஒரு பக்கம் கூடூரிலிருந்து வரும் வண்டிகள், எண்ணூர் உப்பு, திருவொற்றியூர்த் தொழிற்சாலைச் சரக்கு, இவற்றுக்கு நடுவே ஜனங்கள் தொங்கிக்கொண்டு வரும் பாசஞ்சர். சண்டை முடிந்த பிறகும் ஓயவில்லை. கப்பலில் வந்த தானியமெல்லாம் எங்கள் காலடியில்தான் உள்நாட்டுக்குப் போயிற்று. ஒரு வண்டி பத்து நிமிஷம் நின்றால் அதன் பின்னால் நாலு வண்டி நின்று ஊதும். “நிக்கிற வண்டியப் பாத்தா எனக்கு மூச்சு முட்டுதுடா” என்பார் அண்ணன். அது வெறும் பேச்சல்ல. முகம் வேர்த்துவிடும்.

கேபினில் லீவர்கள் வரிசையாக நிற்கும். ஒன்றை இழுத்தால் தண்டவாளம் திசை மாறும். இன்னொன்றை இழுத்தால் சிக்னல் கை இறங்கும். ஒரு லைனில் ஏற்கெனவே வாகன்கள், அதாவது சரக்குப் பெட்டிகள், நின்றால், அந்த லைனுடைய சிக்னல் லீவரில் ஓர் இரும்பு வளையத்தை மாட்டிவைப்போம். அதற்குக் காலர் என்று பெயர். அது இருக்கும்வரை லீவரை இழுக்க வராது. மனிதன் மறந்தாலும் வண்டி மோதாமலிருக்கத்தான் அந்த ஏற்பாடு.

காலர் என்றதும் நீங்கள் சிரித்திருப்பீர்கள். எனக்குத் தெரியும். காலரை மாட்ட மறந்து வண்டியை மோதவிட்டவர் என்பதுதானே அண்ணனுக்கு நாம் கொடுத்த பட்டம்? கல்யாண வீட்டில் யாராவது சாவிக்கொத்தை அவரிடம் நீட்டினால், “அவராண்ட குடுக்காதீங்கப்பா, காலரயே மறந்த மனுசன்!” என்று ஒரு குரல் எழும். பந்தியே சிரிக்கும். அவரும் சிரிப்பார். அட, நானும்தான் சிரித்தேன். என்ன ஜன்மம் நான்!

காலரை எடுத்தது நான்தான். அண்ணன் மறக்கவில்லை.

அப்போது நான் அதே கேபினில் தற்காலிக வேலையில் இருந்தேன். மத்தியானம், டூட்டி மாறும் நேரம். ஆறாம் லைனில் கோதுமை வாகன்கள் நின்றன. அண்ணன் அதற்குக் காலர் மாட்டியிருந்தார். “ஆறுல வாகன் நிக்குது, பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டுக் கைகழுவக் குழாயடிக்கு இறங்கினார். ரிஜிஸ்தரில் இருவரும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அன்று இன்ஸ்பெக்டர் பார்வையிட வருகிறார் என்று பேச்சு. லீவர் பிடியில் வியர்வை பட்டால் துரு ஏறும். அதனால் துணி வைத்துத்தான் பிடிப்போம், துடைத்துத் துடைத்துக் கண்ணாடியாக வைத்திருப்போம். நல்ல பேர் வாங்கும் ஆசையில் நான் காலரைக் கழற்றி, ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, லீவரைத் துடைத்தேன். அதற்குள் மணி அடித்தது. துறைமுகத்துக் கூட்ஸ் வருகிறது. ஐந்தாம் லைனுக்கு எடுக்க வேண்டியதைப் பதற்றத்தில் ஆறாம் லைனுக்கு எடுத்துவிட்டேன். காலர் இருந்திருந்தால் அந்த லீவர் அசைந்திருக்காது.

வண்டி மெதுவாக வந்ததால் ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வாகன்கள் தண்டவாளத்தை விட்டு இறங்கி, மூட்டை கிழிந்து கோதுமை கொட்டிற்று. அண்ணன் படிகளைத் தாவித் தாவி ஏறி வந்தார். ஜன்னல் கட்டையில் காலரைப் பார்த்தார். “அடப்பாவி, இன்னாடா பண்ணிக்கீற!” என்று என் கன்னத்தில் ஓர் அறை விட்டார்.

விசாரிக்க வந்த அதிகாரி, வாக்குமூலம் எழுதி முடியும்வரை எவனும் லீவரைத் தொடக்கூடாது என்றார். ரிஜிஸ்தரில் கையெழுத்து இல்லாததால் டூட்டி யாருடையது என்றே அவருக்குப் புரியவில்லை. ஆறாம் லைன் லீவரில் காலர் ஏன் இல்லை என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. தற்காலிக ஆள், சொன்னால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வெளியே ஒவ்வொரு வண்டியாக வந்து நின்று ஊத ஆரம்பித்தது. கூடூர் பாசஞ்சர் கொளுத்தும் வெயிலில் நின்றது. பெண்கள் ஜன்னல் வழியாகச் செம்பை நீட்டித் தண்ணீர் கேட்டார்கள். அண்ணன் கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தார். அதிகாரி பேனாவை மசியில் தொட்டு, “முதலிலிருந்து சொல்” என்றார்.

“நாந்தான் சார்” என்றார் அண்ணன். “காலர மாட்ட மறந்துட்டேன். எழுதிக்கோங்க. மொதல்ல அந்த வண்டிய வுடுங்க சார், கொழந்தைங்க கத்துது!”

தம்பியைக் காப்பாற்ற அண்ணன் பழியை ஏற்றார் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அது பாதிதான் உண்மை. நிற்கிற வண்டிகளைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அந்த நிமிஷம் சொன்னார். படி இறங்கும்போது என் தோளைப் பிடித்து, “நாளைக்கு நீயே போயி நெசத்த சொல்லிடு” என்றார். நான் தலையாட்டினேன். மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அண்ணன் இரண்டாம் முறை சொல்லவே இல்லை.

எண்ணூருக்கு அப்பால் உப்பளத்துக்குப் பிரியும் கிளைப்பாதையில் ஒரு லெவல் கிராசிங் கேட்டுக்கு அவரை மாற்றினார்கள். எப்போதோ ஒரு வண்டி வரும். ஓயாத மனிதரைக் கொண்டுபோய், வெள்ளை வெளேரென்ற உப்புக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தாரா? காத்திவாக்கத்து மீனவர்கள் சொல்வார்கள், அந்த கேட்காரர் நாளெல்லாம் தண்டவாளத்தோரம் நடந்துகொண்டே இருப்பார் என்று. அவர்கள் கூடையைத் தூக்கிவிடுவார், வலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொடுப்பார். லீவு நாளில் ராயபுரம் வந்தால் எங்கள் கேபினுக்குக் கீழே வந்து நிற்பார். மேலே ஏறமாட்டார்.

“இன்னாடா, ஆறுல இன்னா நிக்குது?”

“சிமெண்டு வண்டி அண்ணே.”

“காலர் போட்டுக்கீறியா?”

“போட்டுக்கீறேன் அண்ணே.”

இதைக் கேட்டுக்கொண்டு போய்விடுவார். என் வேலை நிரந்தரமானபோது முதலில் மிட்டாய் வாங்கி வந்தவரும் அவர்தான்.

போன வருஷம் மஞ்சள் காமாலை கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அங்கேயும் கால் ஆடிக்கொண்டே இருந்தது. எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் அண்ணே என்று அழுதேன். “ஊருக்கெல்லாம் இன்னாத்துக்குடா? அம்மாவும் பூட்டாங்க. உங்க அண்ணியாண்ட மட்டும் சொல்லிடு. அவளும் நம்பிக்கினு கீறா, அதான் பேஜாரா கீது” என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். விடிந்ததும் அவர் இல்லை. நான் சொன்ன அந்த நாளைக்கு ஒரு வருஷம் ஆகிவிட்டது.

கைவிடாமல் வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், கடைசி நேரத்தில் வந்து அவஸ்தைப்பூசுதல் கொடுத்த சாமியாருக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த கேபின் தோழர்களுக்கும், மூன்று நாள் தங்கள் வீட்டு அடுப்பிலிருந்து எங்களுக்குச் சோறு அனுப்பிய பக்கத்து வீட்டு இஸ்லாமியக் குடும்பத்தாருக்கும், எண்ணூரிலிருந்து நடந்தே வந்த மீனவ நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நடந்ததை நடந்தபடி ரயில்வே மேலதிகாரிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் என்ன செய்தாலும் ஏற்றுக்கொள்வேன்.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். மீன் அரிந்துகொண்டிருந்தார். பாதியில் கை நின்றுவிட்டது. நான் படித்து முடித்தேன். பிறகு என் முகத்தைப் பாராமலே சொன்னார்:

“அடுப்புல பால் பொங்கினாகூட அந்த மனுசனத்தான் ஏசினேன். ஒரு வளையத்த மாட்டத் துப்பில்லன்னு புள்ளைங்க எதிர்லயே ஏசினேன். ஒரு தபாகூட, நான் இல்லடின்னு சொல்லலியே அவரு. இனிமே நான் யாராண்ட போயி சொல்லுவேன், தெரியாம ஏசிட்டேன்னு?”

காகிதத்தை மடித்தேன். வீட்டுக்குக் கிளம்ப எழுந்தேன். “நான் கேட்டதையும் அதுல போடு” என்றார் அண்ணி. போட்டுவிட்டேன்.