ஸ்டோர்ஸ் ஜன்னலில் நான் கேட்ட கேள்வி

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரை அடுத்த ஹெப்பகோடியில் ஒரு சுவிட்ச் தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்தேன். உதிரிபாகங்கள் வைக்கும் ஸ்டோர்ஸைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேலை என் பொறுப்பில் வந்தது. கேபிள் எப்போது வரும், எந்த வாரம் எது முடிய வேண்டும் என்று ஒரு பெரிய தாளில் கோடு கோடாகப் போட்டு மேஜைக்கு மேலே ஒட்டியிருந்தேன்.

அந்த மாற்றத்துக்கு ஆட்களைத் தயார் செய்வது பர்சனல் டிபார்ட்மெண்ட் மேடத்தின் வேலை. எங்களுக்குத் தனித்தனி மேலதிகாரி, தனித்தனி ஃபைல். மேடம் தினமும் மதியம் டிபன் பாக்ஸோடு ஸ்டோர்ஸுக்குப் போய்விடுவார். அரட்டைக்குப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

ஸ்டோர்ஸ் ஜன்னலில் பொருள் எடுத்துக் கொடுத்தவரை எல்லோரும் அக்கா என்போம். விவேக் நகரிலிருந்து பஸ் மாறி வருவார். எங்கள் தொழிற்சாலையில் வேலை பார்த்த கணவர் இறந்தபின் அவருக்குக் கிடைத்த வேலை அது. கன்னடத்தில் கேட்டால் கன்னடத்தில் பதில், தமிழில் கேட்டால் தமிழில்.

புது முறை தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது மேடம் என்னிடம் வந்தார்.

"அக்காவுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வருது. வெளிய சொல்ல வெக்கப்படறாங்க. இன்னும் ரெண்டு பேர் அதே மாதிரி. ஒரு மாசம் தள்ளிப் போடுங்க, நான் பழக்கிடறேன்."

"தேதி டைரக்டர் வரைக்கும் போயாச்சு மேடம். ட்ரெய்னிங்குக்கு ரெண்டு நாள் போட்டிருக்கேன்."

"ரெண்டு நாள்ல அவங்க கீபோர்டைத் தொடறதுக்கே பயப்படுவாங்க."

"அது உங்க சைடு. நீங்கதான் பாத்துக்கணும்" என்றேன். ஒரு மாதம் தள்ளிப் போடச் சொல்லி மேடம் எழுதியும் கொடுத்தார். படித்துவிட்டு ஃபைலில் வைத்தேன்.

தொடக்க நாளன்று டைரக்டர் வந்து நின்றார். அக்கா ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். மெஷின் தப்பு என்று கத்தியது. மறுபடி தட்டினார், மறுபடி கத்தியது. ஜன்னலுக்கு வெளியே வரிசை நீண்டது. உள்ளே அசெம்பிளி லைன் நின்றுவிட்டதாக ஆள் வந்து சொன்னான். டைரக்டர் என்னைப் பார்த்தார்.

நான் ஜன்னலருகே போய் உரக்கக் கேட்டேன்: "ரெண்டு நாள் சொல்லிக் குடுத்தோமே, இதுகூடப் படிக்கத் தெரியலையா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அக்கா கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். எழுந்து, நாற்காலியை எனக்கு விட்டு ஒதுங்கி நின்றார். நான் உட்கார்ந்து தட்டினேன். சாயங்காலத்துக்குள் எல்லாம் ஓடத் தொடங்கிவிட்டது. சொன்ன தேதியில் முடித்ததற்கு எனக்குக் கை தட்டினார்கள். மறுநாள் அக்கா வரவில்லை. நான்காம் நாள் ராஜினாமாக் கடிதம் வந்தது. எழுத்து மகளுடையது, கையெழுத்து மட்டும் அவருடையது, தமிழில்.

ஞாயிற்றுக்கிழமை மேடமும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். டீ போட்டுக் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"கம்ப்யூட்டர் மேல எனக்கு இன்னா கோவம் சார்? மேடம் சொல்லிக் குடுத்தா கத்துக்கினு இருப்பேன். எனக்குப் படிப்பு இல்லன்னு மேடத்த விட்டா அங்க யாருக்கும் தெரியாது. இத்தினி வருஷமா தெரியாது. நீங்க அத்தினி பேர் முன்னால கேட்டுட்டீங்க. இனிமே அந்த ஜன்னல்ல நான் எப்படி நிப்பேன்?"

மேடம் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். அக்கா திரும்பி வரவில்லை. பக்கத்தில் ஒரு நர்சிங் ஹோமில் பெருக்கித் துடைக்கும் வேலைக்குப் போகிறார் என்று பிறகு தெரிந்தது.

அடுத்து உற்பத்திப் பிரிவின் முறை. இந்தத் தடவை தாளை எடுத்துக்கொண்டு நான்தான் மேடத்தின் அறைக்குப் போனேன். யாருக்கு எது வரும், எது வராது என்று அவர் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, அதற்கேற்ப வாரங்களைப் போட்டோம். தேதி இரண்டு மாதம் தள்ளிப்போனது. மேலதிகாரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த முறை ஒருவரும் வேலையை விடவில்லை. அக்காவிடம் போய் இதைச் சொல்ல வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். சொல்லி அவருக்கு என்ன ஆகப்போகிறது என்று தோன்றும். போகவேயில்லை.