மருந்தைக் கரைக்கும் முன்

காலை 5.40. முதலில் கண்ணில் பட்டது, ஒரு கையில் டிபன் வாளியும் மறு கையில் மாட்டின் மூக்கணாங்கயிறுமாக நின்ற ஒரு பெண். பெயர் பேச்சியம்மாள். பட்டாசு கம்பெனியில் வேலை. வீட்டில் ஒரே ஆள், ஒரே கறவை மாடு.

ஆமத்தூருக்குப் பக்கத்தில் உள்ள ஊர், அவருடைய தெரு. அடுத்த ஊர் மாடுகளுக்குத் தோல் கழலை நோய் வந்திருந்தது. உடம்பெல்லாம் கட்டி எழும்பும் வைரஸ் நோய். எங்கள் பக்கம் அதையும் அம்மை என்றுதான் சொல்வார்கள். நோய் கண்ட ஊரைச் சுற்றி, இன்னும் வராத மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டுப் பரவாமல் நிறுத்த வேண்டும். நான் கால்நடை ஆய்வாளர். ஓய்வுக்கு அப்போது மூன்று வருடம் இருந்தது.

புதிதாக இந்தப் பகுதிக்கு வேலைக்கு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே தடுப்பூசி நேரத்தை முடிவு செய்வது, பட்டாசு வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி வேன். பேச்சியம்மாள் தெருவுக்கு 6.50க்கு வரும். அதன் பிறகு பூட்டிய கதவுகளும் கட்டிய மாடுகளும்தான். மாட்டைப் பிடிக்க ஆள் இருக்காது. தூளாக வரும் தடுப்பு மருந்தைக் கரைத்த பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது.

காய்ச்சல் உள்ள மாட்டுக்கு ஊசி போடக்கூடாது என்பது விதி. ஒவ்வொரு மாட்டுக்கும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். தெருவில் மொத்தம் முப்பத்தொரு மாடுகள். தெர்மாமீட்டரைப் பையிலிருந்து நான் எடுக்கவில்லை.

"ஏம்மா, மாடு தீனி எடுக்குதா?"

"நல்லா எடுக்குது சார். வெரசாக் குத்துங்க, வேன் வந்துரும்."

வேன் வந்தது. பேச்சியம்மாள் ஏறும்போது டிரைவர் சொன்னார்: "மாட்டையும் ஏத்துங்கக்கா, ஒரு ஓரமா ஒக்காந்து திரி சுத்தட்டும்." வேன் முழுக்கச் சிரிப்பு. அது திருப்பத்தில் மறைந்ததும் தெருவில் என்னைத் தவிர ஆள் இல்லை. பதினான்கு மாடுகளுக்குத்தான் போட்டிருந்தேன். குழாயடியில் உட்கார்ந்து பதிவேட்டை நிரப்பினேன். உடல் வெப்பம் என்ற கட்டத்தில் 'இயல்பு' என்று பதினான்கு முறை எழுதினேன்.

மூன்றாம் நாள்

பேச்சியம்மாள் வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. மாட்டுக்குக் கழுத்திலிருந்து மடி வரை கட்டிகள். தெர்மாமீட்டர் 105 காட்டியது, கடும் காய்ச்சல்.

தெரு திரண்டு நின்றது. முன்னால் எதிர்வீட்டுச் சங்கிலி. லாரிக்கு லோடு ஏற்றுகிறவர்.

"நல்லா நின்ன மாடு சார். ஊசியக் குத்தி அம்மைய எறக்கி விட்டுட்டீகளே. அடுத்து எங்க வீட்டுக்கா? வேணாம் சாமி, கெளம்புங்க."

"ஊசியால வரலப்பா. நோய் முன்னாடியே உள்ள இருந்திருக்கு."

"அப்ப அன்னைக்குக் காய்ச்சல் அடிச்சிருக்கணும்ல? பாத்தீகளா?"

"பாத்தேன். இயல்பாத்தான் இருந்துச்சு."

பேச்சியம்மாள் என் முகத்தைப் பார்த்தார். ஊசி போடும்போது மாட்டைப் பிடித்திருந்தவர் அவர்தான்.

"நம்ம வீட்டு மாட்டுக்கு ஊசி வேணாம்லே" என்று சங்கிலி தன் தம்பியிடம் சத்தமாகச் சொன்னார். மற்றவர்களும் திரும்பத் தொடங்கினார்கள். பதினேழு மாடுகள் பாக்கி. ஈயும் கொசுவும் போதும், நோய் தெரு முழுக்கப் போய்விடும்.

அப்போதுதான் பேச்சியம்மாள் பேசினார். "ஊசியால இல்ல. ஊசிக்கு முந்தின நாளே மாடு தீனி எடுக்கல. நாந்தேன் மறச்சேன்."

"ஏன் மறச்ச?" என்றார் சங்கிலி.

"அம்மைன்னு தெரிஞ்சா வேன்ல ஏத்துவீகளா? ஊசி போட்டாச் சரியாயிரும்னு நெனச்சேன்."

எங்கள் பக்கத்தில் அம்மை கண்ட வீட்டு ஆள் மற்றவர்களோடு வேலைக்கு வருவதில்லை. மாட்டு அம்மைக்கும் அது உண்டா என்று யாரும் யோசித்ததில்லை. அன்று யோசிக்காமலே முடிவு செய்தார்கள்.

"அடிப்பாவி, எங்க மாடு அம்புட்டையும் சாகக் குடுக்கப் பாத்தியே" என்றார் ஒரு பெண். நான் காய்ச்சல் பார்த்ததாகச் சொன்னதைப் பற்றி யாரும் மறுபடி கேட்கவில்லை.

மறுநாள் 5.30க்கே பதினேழு மாடுகளும் தெருவில் நின்றன. ஒவ்வொன்றுக்கும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் மருந்தைக் கரைத்தேன். 6.50க்கு வேன் வந்தது. பேச்சியம்மாளை விட்டுவிட்டுப் போனது.

பதினோராம் நாள்

மாடு செத்துப்போனது. தூக்கிவிட யாரும் வரவில்லை. ஜேசிபி டிரைவர், பேச்சியம்மாள், நான். ஆழமாகக் குழி தோண்டி, மாட்டை இறக்கி, மேலே சுண்ணாம்பைக் கொட்டினோம். ஜேசிபி கிளம்பிய பிறகு சொன்னேன்.

"அன்னைக்கு நான் காய்ச்சல் பாக்கலம்மா."

"தெரியும் சார். நாந்தான மாட்டப் புடிச்சிருந்தேன்."

"பெறகு ஏன் எல்லார் முன்னாடியும் சொல்லல?"

கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டினார். "உங்களையும் நம்பாமப் போனா மிச்ச மாட்டுக்கு யாரு ஊசி போடுவா?"

தெருவில் வேறு எந்த மாட்டுக்கும் நோய் வரவில்லை. அதன் பிறகு ஓய்வு பெறும் வரை தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்காமல் நான் மருந்தைக் கரைத்ததில்லை. வேன் போனால் போகட்டும், மிச்சத்தை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். இளையவர்களுக்கு நான் சொல்லித்தர இருப்பது இவ்வளவுதான். அந்தத் தெருவில் நான் காய்ச்சல் பார்த்ததாகச் சொன்னது பொய் என்பதை இன்று வரை அங்கே போய்ச் சொல்லவில்லை.

பேச்சியம்மாள் இப்போது மெயின் ரோடு வரை நடந்துபோய் வேறொரு கம்பெனி வேனில் ஏறுகிறார்.