பின்பக்கத்துச் செருப்பு

பூங்காவனம் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் திருவண்ணாமலைக்கு வந்து ஆசிரியப் பயிற்சி படித்தவள். 1962இல் அந்த ஊர் இசைக் கழகம் தொடங்கிய பத்திரிகையை அவள்தான் வடிவமைத்தாள். முதல் இதழில் 'வடிவமைப்பு' என்ற இடத்தில் செயலாளர் சகாதேவன் தன் அண்ணன் மகன் இருசப்பனின் பெயரைப் போட்டார்.

"பொம்பளப் புள்ளைக்குப் பேரு எதுக்கும்மா?" என்றார்.

பாராட்டு இருசப்பனுக்குப் போனது. திட்டு மட்டும் அவளுக்கு வந்தது. ஒரு குடை விளம்பரத்தின் கறுப்பு மை மெல்லிய தாளில் ஊறி, மறுபக்கத்திலிருந்த நாதஸ்வர வித்வானின் முகத்தில் தெரிந்துவிட்டது. கனத்த கறுப்பை எதன் பின்னால் வைக்கக் கூடாது என்று அன்று அவள் கற்றுக்கொண்டாள்.

இரண்டாம் இதழ் கார்த்திகை தீபத்துக்கு வர இருந்தது. அதில் சகாதேவனின் படம் முழுப்பக்கம். பெயர் மறுபடியும் இருசப்பனுடையது. அவள் வாதாடவில்லை. படத்துக்கு நேர் பின்னால் செருப்புக் கடை விளம்பரத்தை வைத்தாள்.

"இதுக்கு மை ஜாஸ்தியாவே போடுங்கண்ணே" என்று அச்சகத்தில் சொன்னாள்.

தீபத்தன்று கழகத்து வாசலில் இதழைப் பிரித்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சகாதேவனின் கன்னத்தில் ஒற்றைச் செருப்பு பதிந்திருந்தது.

"எவன்டா இதைச் செஞ்சவன்?" என்று அவர் கத்தினார்.

"இருசப்பன்னு போட்டிருக்குதுங்க. உங்க அண்ணன் புள்ளதானே?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

சகாதேவன் பூங்காவனத்தின் பக்கம் திரும்பினார்.

"என்னை ஏன் பாக்கறீங்க? எம் பேரு அதுல இல்லீங்களே" என்றாள் அவள்.