முக்கால் மணிக்கு ஒருமுறை

காலையில் எழுந்ததும் நான் செய்யும் முதல் வேலை, பாத்திரம் கழுவும் மஞ்சள் ரப்பர் கையுறைகளை மாட்டிக்கொள்வது. பாத்திரம் கழுவ அல்ல, இடது காலில் காலுறை ஏற்ற. முழங்கால்வரை வரும் அந்தக் காலுறை கணுக்காலை இறுக்கிப் பிடித்து, மேலே வர வரப் பிடியைத் தளர்த்தும். வெறும் விரலால் இழுத்தால் நகம்தான் பிய்யும். ரப்பர் கையுறை போட்டால் வழுக்காமல் ஏறும் என்று மருத்துவமனைத் தாதி ஒருவர் சொல்லிக்கொடுத்தார். நெதர்லாந்தில் நான் இருக்கும் சிற்றூரில் ஜன்னலுக்குத் திரை போடும் பழக்கம் அதிகம் கிடையாது. என்னுடையது தரைத்தள வீடு. எதிர்வீட்டு மெவ்ரௌ அன்க (மெவ்ரௌ என்றால் அம்மா என்பதுபோல ஒரு மரியாதைச் சொல்) காலையில் காப்பிக் கோப்பையோடு தன் ஜன்னலில் நிற்பார். அங்கிருந்து பார்த்தால் என் கால் தெரியாது. ஜன்னல் விளிம்புக்கு மேலே மஞ்சள் கைகள் இரண்டும் படும் பாடு மட்டும்தான் தெரியும். ஒருநாள் வழியில் பார்த்து, "நீங்கள் எவ்வளவு சுத்தமான மனிதர்! விடிந்ததும் கழிவறை கழுவிவிடுகிறீர்களே" என்றார். நான் "யா, யா" என்று தலையாட்டினேன். அந்தக் கிறிஸ்துமஸுக்குத் தரை கழுவும் திரவம் ஒரு பாட்டிலை ரிப்பன் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்கு அடுத்த கிறிஸ்துமஸுக்கும் கொடுத்தார்.

எனக்குக் காலில் ரத்தம் கட்டிய கதையைச் சொல்வதைவிட, கழிவறை கழுவுகிறவனாக இருந்துவிடுவது சுலபம். இது என் பழைய குணம். யாராவது என்னைத் தப்பாகப் புரிந்துகொண்டால் திருத்தப் போகமாட்டேன். சோம்பல் பாதி, வீம்பு பாதி. ஊரில் இருக்கிறவர்களுக்கும் என்னைப்போல் ஊரைவிட்டு வந்தவர்களுக்கும் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே இந்தக் குணம்தான். உட்கார்ந்து என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். இந்த இரண்டு பத்திகளுக்கு நடுவில் ஒருமுறை எழுந்து நடந்துவிட்டு வந்தாயிற்று.

நான் சேர்வராயன் மலையில் நாகலூர்க்காரன். ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்துக்கு பஸ் வராத நாளெல்லாம் நடந்தே போனவன். கால்வலி என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்ந்தேன். பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் இங்கே குடைமிளகாய் வளர்க்கும் கண்ணாடிக் கூடாரமொன்றில் வேலைக்கு வந்தேன். முதலில் காய் பறித்தேன், பிறகு பெட்டி அடுக்கினேன், கடைசியில் வெப்பத்தையும் தண்ணீரையும் கணினித் திரையில் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு உயர்த்தினார்கள். நாள் முழுக்க நாற்காலி. மேல் வலிக்காத வேலை என்று அம்மாவிடம் போனில் பெருமையடித்தேன். அம்மாவும் அதைச் சொல்லாத வீடு நாகலூரில் இருந்திருக்காது. என் மணவாழ்க்கை அதற்குள் முறிந்து, தனியாள் ஆகிவிட்டேன். வீட்டிலும் நாற்காலியே கதியென்று கிடந்தேன். ஒருநாள் கெண்டைக்கால் வலித்தது. நரம்பு பிசகியிருக்கும் என்று, அக்கா கொடுத்தனுப்பிய யூகலிப்டஸ் தைலத்தை மூன்று நாள் அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். நான்காம் நாள் வேலையிடத்தில் பத்துப் படி ஏறுவதற்குள் மூச்சு நின்றுவிடும்போல ஆயிற்று. காலில் கட்டிய ரத்தத்தில் ஒரு துண்டு பிரிந்து நுரையீரலுக்குப் போயிருந்தது. தேய்த்ததால்தான் பிரிந்ததா என்று கேட்டேன். டாக்டர் தோளைக் குலுக்கிவிட்டு, இனிமேல் வலித்தால் தேய்க்காமல் நேராக இங்கே வாருங்கள் என்றார்.

நான் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியிருந்த வாரத்தில் அம்மா இறந்துபோனார். விமானத்துக்குப் பதிவு செய்யக் கையெடுத்தவன், எதற்கும் கேட்டுவிடலாமென்று டாக்டரை அழைத்தேன். "நீட் ஃப்லீஹன்" என்றார். பறக்கக் கூடாது. அம்மா இறந்துவிட்டார் என்றேன். வருத்தம் தெரிவித்துவிட்டு, மறுபடியும் அதையே சொன்னார். அக்காவிடம் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சாவு விழுந்த வீட்டில் இன்னொரு பயத்தையும் கொண்டுபோய் இறக்குவானேன் என்று நினைத்து, "கம்பெனியில லீவு குடுக்கலக்கா" என்றேன். அக்கா போனை வைத்துவிட்டாள். யாரோ செல்பேசியில் அடக்கத்தைக் காட்டினார்கள். கல்லறைவரை தெரிந்தது. பெட்டியை மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் சிக்னல் போயிற்று. இருட்டான திரையை நான் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு ஐந்து வருடம் நான் ஊருக்குப் போகவில்லை. அக்கா வருடத்துக்கு இரண்டு முறை பேசுவாள், அதுவும் நலம் விசாரிக்கிற அளவுக்கு. எனக்கும் பயம் இருந்தது. ஒருமுறை கட்டிய ரத்தம் மறுபடியும் கட்டலாம் என்றார்கள். காலையிலும் மாலையிலும் சாப்பாட்டோடு மாத்திரை. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வரும், அது மாத்திரையின் வேலை. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீண்ட நேரம் ஒரே இடத்தில் உட்காரக் கூடாது. முக்கால் மணிக்கு ஒருமுறை என் செல்பேசி சட்டைப்பையில் அதிரும். எழுந்து ஐந்து நிமிடம் நடப்பேன். இந்த ஊரில் பிறந்தநாள் விருந்து என்றால் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு அமர்ந்து பேசுவார்கள். நான் பாதியில் எழுந்து தோட்டத்தில் உலாவுவேன். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்காமல் விடுவதுதான் இவர்கள் மரியாதை. அதைச் சுதந்திரம் என்று முதலில் நினைத்தேன். கெண்டைக்காலில் சின்னதாக ஒரு சுருக்கென்றாலும் தனியாக உட்கார்ந்து அதையே தொட்டுத் தொட்டுப் பார்க்கும்போது, யாராவது ஏன் என்று கேட்டால் நன்றாயிருக்கும் என்று தோன்றும்.

போன வருடக் கடைசியில் அக்காவின் கணவர் இறந்தார். மாமா என்றுதான் நான் கூப்பிடுவேன். காப்பி எஸ்டேட்டில் ஆட்களுக்குப் பேர் எழுதிக் கணக்கு வைக்கும் ரைட்டராக இருந்தவர், எழுத்தைப்போலவே பேச்சும் நிதானம். இந்த முறை டாக்டர் தடுக்கவில்லை. நடைபாதையோரத்து இருக்கை எடுங்கள், நடந்துகொண்டே இருங்கள் என்றார். அடக்கத்துக்கு எட்ட முடியாது, முப்பதாம் நாள் பூசைக்குப் பத்து நாள் முன்பாகவே போய்ச் சேர்ந்தேன். பழப் பறிப்பு நேரம். பனி முற்றத்தில் இறங்கி நின்றது. அக்கா கூடத்து மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து அழுதாள், கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். ஐந்து வருடக் கோபம் கரைந்துவிட்டது என்று நினைத்தேன்.

நம் ஊரில் துக்கத்துக்கு வருகிறவர்கள் பெரிதாகப் பேசுவதில்லை. வந்து உட்காருவார்கள், அவ்வளவுதான். எவ்வளவு நேரம் உட்காருகிறோமோ அவ்வளவு பாசம். மாரமங்கலத்திலிருந்து வந்தவர்கள் மதியச் சாப்பாடு ஆகியும் அசையவில்லை. அவர்களுக்கு நடுவில் என் சட்டைப்பை அதிரும். நான் செல்பேசியை எடுத்து அணைத்துவிட்டு வெளியே போவேன். காப்பிச் செடிகளுக்கு நடுவே, மிளகுக் கொடி ஏறிய மரங்கள்வரை நடந்துவிட்டுத் திரும்புவேன். "ஏனுங்க தம்பி, உக்காருங்க" என்று யாராவது நாற்காலியை நகர்த்துவார்கள். உட்காருவேன். முக்கால் மணியில் மறுபடியும் அதிரும். இரண்டாம் நாள், மாமாவின் சிநேகிதரான டெய்லர் சூசை அண்ணன் கேட்டுவிட்டார்.

"கம்பெனி போனுங்களா தம்பி? துக்க ஊட்டுலகூட உட மாட்டேங்கறாங்களா?"

நான் தலையாட்டினேன். மெவ்ரௌ அன்கவுக்கு ஆட்டிய அதே தலை. அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்ததைக் கவனித்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மறுநாள் மதியம் வீட்டில் கூட்டம் குறைந்திருந்தது. அக்கா களத்தில் காயப்போட்ட காப்பிப் பழத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். துக்கம் என்றாலும் பழம் காத்திருக்காது. நான் களத்துச் சுவரில் உட்கார்ந்து மாமாவின் கடைசி நாட்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா முதல்முறையாக மனம்விட்டுப் பேசினாள். அப்போது பார்த்து பை அதிர்ந்தது. நான் எழுந்தேன்.

அக்கா கிளறிய பலகையைக் கீழே போட்டாள். "போ. போயிப் பேசிட்டு வா. அம்மா செத்தன்னிக்கும் கம்பெனி, இன்னிக்கும் கம்பெனி. ஒரு மணி நேரம் எங்கூட உக்கார முடியலயில்ல உனக்கு? அப்பறம் எதுக்குடா வந்த? ஊருக்குக் கணக்குக் காட்டவா?"

"போன் இல்லக்கா" என்றேன்.

"நாந்தான் பாத்துட்டிருக்கறனே!"

எப்படி விளக்குவதென்று தெரியவில்லை. கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக் காட்டினேன். அக்கா பார்த்துவிட்டு, "இந்தக் குளுருக்கு அல்லாருந்தான் போடறாங்க" என்றாள். காலுறையைக் கீழே உருட்டினேன். கணுக்காலுக்கு மேலே தோல் பழுப்பேறிக் கிடந்தது. வலது காலைவிட இடது கால் பருத்திருந்தது. அப்படியே எல்லாவற்றையும் சொன்னேன். தைலம் தேய்த்தது, படியில் மூச்சு நின்றது, டாக்டர் பறக்கக் கூடாதென்றது, லீவு பொய், அதிர்கிற செல்பேசி.

அக்கா உடனே அழவில்லை. காப்பிப் பழம் ஒட்டிய கையைச் சேலையில் துடைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அஞ்சு வருசமா நான் உனக்குச் செபம் சொல்லலடா. தெனமும் பொழுதோட மண்டி போட்டு அம்மாவுக்குச் சொல்லுவேன், பெத்த புள்ளைகளுக்குச் சொல்லுவேன், தெரியாதவங்களுக்குக்கூடச் சொல்லுவேன். உம் பேரு வர்றப்ப வாய மூடிக்குவேன். நீ அங்க மூச்சு உட முடியாம கெடந்திருக்கற. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா சாமி?"

எனக்கு ரத்தம் கட்டியபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் சொன்ன பொய், அவள் வாயிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டிருந்தது. அன்று மாலை குடும்பச் செபத்தில் அக்கா மாமாவின் பெயருக்கு அடுத்ததாக என் பெயரைச் சேர்த்தாள். இறந்தவர்களுக்கும் உயிரோடிருப்பவர்களுக்கும் நடுவில் எங்கோ எனக்கு ஓர் இடம் கிடைத்தது. நான் குனிந்துகொண்டு அழுதேன்.

கதை இங்கே நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் அக்கா விஷயத்தை எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். அவள் என்னைப்போல் மறைக்கத் தெரியாதவள். அதற்கப்புறம் ஒருவர்கூட என்னை உட்காரச் சொல்லவில்லை. சூசை அண்ணன் என்னைக் கண்டதும், "நடங்க தம்பி, நடங்க. நொம்ப நேரம் நிக்கறதும் ஆகாதாம்ல" என்பார். கூடத்தில் எனக்கென்று கிடந்த நாற்காலியை யாரோ பந்திக்குத் தூக்கிப்போய்விட்டார்கள், திரும்ப வரவில்லை. முக்கால் மணி உட்காரலாம், உட்காருவதே கூடாதென்றில்லை என்று நான் இரண்டு பேரிடம் விளக்கிப் பார்த்தேன். பாவம், நமக்காகச் சொல்கிறான் என்பதுபோலச் சிரித்தார்கள். செல்பேசி அதிர்வதற்கு முன்பே அக்கா குரல் கொடுப்பாள், "எந்திரி கண்ணு, நேரமாச்சு."

முப்பதாம் நாள் பூசை முடிந்து சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் கூடத்தில் அமர்ந்து மாமாவைப் பற்றிப் பேசினார்கள். மழையில் பேரேட்டை நனையாமல் காப்பாற்ற மாமா சட்டையைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு ஓடிய கதையைச் சூசை அண்ணன் ஆரம்பித்தார். பாதியில் அக்கா என்னைப் பார்த்தாள். நான் எழுந்து வெளியே போனேன். செடிகளுக்கு நடுவே நிற்கும்போது உள்ளே வீடே சிரிப்பது கேட்டது. அக்காவின் சிரிப்பும் அதில் இருந்தது, ஒரு மாதத்தில் அவளுடைய முதல் சிரிப்பாக இருக்கும். திரும்பி வந்தபோது வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. சட்டையில்லாமல் ஓடிய மாமா கடைசியில் எங்கே போய் மாட்டிக்கொண்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டிருக்கலாம். ஆனால் சிரித்து முடித்தவர்களிடம் போய் எதற்குச் சிரித்தீர்கள் என்று கேட்பது விருந்தாளியின் வேலை.

கிளம்பும் நாளன்று மதிய பஸ்ஸுக்கு அக்கா கூடவே வந்தாள். பஸ் நின்றதும் என் பெட்டியைத் தானே ஏற்றினாள். "ஏனுங்க கண்டக்டர், எந்தம்பிக்குக் கால்ல ரத்தக் கட்டுங்க. அவன உக்காரச் சொல்லாதீங்க. நின்னுட்டே வரட்டும், ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க." கண்டக்டர், "செரிங்க அக்கா" என்றார். பஸ்ஸில் ஏழெட்டுப் பேர்தான். ஏற்காட்டுக்கு முக்கால் மணிகூட ஆகாது. நான் தாராளமாக உட்காரலாம். அக்கா சாலையோரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவளுக்குத் தெரியும்படி ஜன்னலோரமாக நின்றேன்.

வளைவில் அக்கா மறைந்தாள். அடுத்த நிறுத்தத்தில் கூடையும் பையுமாக ஓர் அம்மா ஏறினார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கமாக நகர்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் துடைத்தார். "இத்தன எடம் கெடக்குது, ஏனுங்க நிக்கறீங்க? உக்காருங்க."

இந்த ஒரு வாரத்தில் அந்த வார்த்தைக்கு நான் எவ்வளவு ஏங்கிப்போயிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. கம்பியிலிருந்து கையை எடுத்தேன்.

"அவரு உக்கார மாட்டாருங்க" என்றார் கண்டக்டர், டிக்கெட்டைக் கிழித்தபடி.

அந்த அம்மா அப்படியா என்று தலையாட்டிவிட்டு, துடைத்த இடத்தில் தன் பையை வைத்துக்கொண்டார்.