பாலிசியில் இரண்டாவது பெயர்

அம்புரோஸ் சென்ற பிப்ரவரியில் இறந்தார். வயது எழுபத்தைந்து. மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்தவர். முப்பத்திரண்டு ஆண்டுகள் ரயில்வேயில் வேலை பார்த்தவர். நாற்பத்தைந்து ஆண்டுகள் ஒரே காரை ஓட்டியவர். கார் 1962ஆம் வருடத்து மோரிஸ் மைனர். அந்தக் காரின் இன்ஷூரன்ஸ் தாளை அவர் கடைசியாகத் திருத்திய கதை இது.

அவர் வேலை பார்த்தது கெமாசுக்கு வடக்கே, ஒற்றைத் தண்டவாளப் பாதையில். சின்னச் சின்ன நிலையங்களுக்கு அவர்தான் மாஸ்டர். அங்கே ரயிலை விடுவதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் அடுத்த நிலையத்தைக் கேட்க வேண்டும். அங்கிருப்பவர் பாதை காலி என்று ‘லைன் கிளியர்’ கொடுத்தால்தான் இங்கே இயந்திரத்திலிருந்து டோக்கன் வெளியே வரும். அதை ஒரு வளையத்தில் மாட்டி, மெதுவாக ஊர்ந்து வரும் ரயிலின் டிரைவர் மடக்கி நீட்டும் கையில் கோத்துவிட வேண்டும். டோக்கன் கைக்கு வராமல் எந்த டிரைவரும் அந்தப் பாதையில் நுழைய மாட்டார். வேலையில் ஒரு பொய்யான லைன் கிளியர்கூடக் கொடுத்ததில்லை என்பது அம்புரோசின் பெருமை. கேட்பவர் இருந்தால் மாதம் ஒருமுறை சொல்வார். இல்லாவிட்டாலும் சொல்வார்.

மனைவி சூசன் கிள்ளான்காரர். ஆறு ஆண்டுகளுக்கு முன் இறந்தார். கிள்ளானில் தன் தாய் தகப்பன் பக்கத்திலேயே அடக்கமானார். ஒவ்வொரு நவம்பர் இரண்டாம் தேதியும், கல்லறைத் திருநாளன்று, அம்புரோஸ் மோரிசில் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்துக்கொண்டு தனியாகப் போய் வருவார். கடைசி வருடம் செப்டம்பரில் கண் டாக்டர் இனி ஸ்டேரிங்கைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

மகள் ஜெரால்டின் பெர்த்தில் சுரங்க இயந்திரங்களுக்குப் பொறியாளர். திருநாளுக்கு வருவதாகச் சொன்னாள்.

“கிராப் எடுத்துக்கலாம் டாடி.”

“உங்கம்மாவப் பாக்க வாடகைக் காரா? எழுந்து வந்து ஏசுவா.”

“அப்ப மோரிச நான் ஓட்டறேன்.”

அம்புரோஸ் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பேச்சை வளர்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே இன்ஷூரன்ஸ் ஏஜண்ட் உஷாராணியின் ஆபீசுக்கு மாடியேறி விஷயம் முழுவதையும் சொன்னார். பழைய காருக்கான பாலிசி கண்டிப்பானது. நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். கார் இன்ன விலை பெறும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். தாளில் பெயர் இருப்பவர் மட்டுமே ஓட்டலாம்.

உஷாராணி கணினியைத் தட்டினாள். “ஜெரி பேருதான் ஏற்கனவே இருக்கே அங்கிள். உங்க பேருக்குக் கீழ, ரெண்டாவது பேரு. உங்க வீட்டு அட்ரசு. அடையாள அட்டை, அந்த ஐசி நம்பர்கூட இருக்கு.”

“அந்த ஐசிய அவ திருப்பிக் கொடுத்து ஒன்பது வருஷம் ஆச்சு. இப்ப ஆஸ்திரேலியா பாஸ்போர்ட்.”

“அப்ப ஒண்ணும் செய்யாதீங்க. இருக்கறது இருக்கட்டும். ஒரு நாள் சமாச்சாரம் லா, யாரு பாக்கப் போறா?”

“ஏதாச்சும் ஆயிட்டா?”

“ஆயிட்டா தோண்டுவாங்க. ஆளு இந்த நாட்டுலயே இல்லன்னு தெரிஞ்சா கைய விரிச்சிடுவாங்க.”

“அப்ப அது பொய்யான லைன் கிளியர். நான் கொடுக்க மாட்டேன்.”

உஷாராணி சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு கேட்டாள். “கோச்சுக்காதீங்க அங்கிள். ஒவ்வொரு வருஷமும் ரின்யூ செய்யறப்ப, ‘போன வருஷம் மாதிரிதானா’ன்னு நான் கேக்கறேன். நீங்க ‘அதேதான்’னு சொல்றீங்க. ஜெரி போயி எத்தன வருஷம்?”

“பதினாலு.”

“அந்தப் பதினாலு வருஷமும் கொடுத்தது என்ன கிளியர்?”

அம்புரோஸ் அதைப் பொய் என்று நினைத்ததே இல்லை. ஆண்டுக்கொரு தாள் வரும். இரண்டு பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். பார்ப்பார், மடிப்பார், காரின் பெட்டிக்குள் வைப்பார். மகள் குடியுரிமையை விட்ட வருடம் மட்டும் பேனா கொஞ்சம் தயங்கியது. வாய் முந்திக்கொண்டது. அதேதான்.

உஷாராணி ஒரு படிவத்தை நீட்டினாள். வெளிநாட்டிலிருந்து வந்து ஓட்டுபவருக்கானது. “உண்மைய எழுதுங்க. பழைய பேர நீங்களே அடிச்சு, பக்கத்துல கையெழுத்துப் போடுங்க. சரின்னா மோரிஸ். முடியாதுன்னா கிராப். சூசன் ஆன்டிகிட்ட நான் பேசிக்கறேன்.”

வீட்டில் மேசைமுன் உட்கார்ந்து எழுதினார். பாஸ்போர்ட் எண், லைசென்ஸ் எண், அனைத்துலக லைசென்ஸ் உண்டா, இங்கே எத்தனை நாள் தங்குவார், உரிமையாளருக்கு என்ன உறவு. எல்லாம் பெரிய எழுத்தில், நிலையப் பதிவேட்டில் எழுதிய அதே கையில். ஏழாவது கேள்வியில் நின்றார். ஓட்டுநர் மலேசியாவில் வசிப்பவரா? இல்லையெனில் எந்த நாட்டில்?

படிவம் நான்கு நாள் உப்பு டப்பாவுக்கு அடியில் கிடந்தது. சாப்பிடும்போது அதைப் பார்ப்பார். சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிடுவார். உஷாராணி போன் செய்தாள். “அங்கிள், தீபாவளி வருது. நான் கடைய மூடிட்டுப் போனப்புறம் என்ன ஏசக் கூடாது.”

அன்று மாலை அவர் பெர்த்துக்குப் போன் போட்டார். அடுத்த நிலையத்தைப் பற்றி இங்கிருந்தே முடிவு செய்வது முறையில்லை. கேட்டுத்தான் எழுத வேண்டும்.

“ஜெரி, இன்ஷூரன்ஸ் பாரத்துல ஒரு கேள்வி. நீ எங்க இருக்கற ஆளுன்னு கேட்டிருக்கு.”

என்ன கேட்கிறார் என்று அவளுக்கும் தெரிந்தது.

“நான் இங்கதான் டாடி இருக்கேன்.”

அவள் சொன்ன ‘இங்க’ பெர்த். அம்புரோசுக்கு அது கேட்டதுமே புரிந்தது. இருந்தாலும் கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்வது மாஸ்டரின் வழக்கம்.

“அங்க.”

“ஆமா டாடி. இங்க.”

போனை வைத்துவிட்டு எழுதினார். வசிப்பவர் அல்ல. ஆஸ்திரேலியா. பிறகு அடிமட்டத்தை எடுத்துப் பழைய தாளில் இரண்டாவது பெயரின் மேல் நேராக ஒரு கோடு போட்டார். பக்கத்தில் கையெழுத்திட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை.

படிவத்தைக் கொடுத்த பிறகு, பதில் வருமா வராதா என்று அவர் நாளுக்கு இரண்டு முறை மாடியேறி இறங்கினார். தீபாவளிக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை மதியம், உஷாராணியே வந்தாள். ஒரு கையில் முறுக்கு டின், ஒரு கையில் தாள். ஜெரால்டின் அதற்கு முந்தைய நாள்தான் வந்து இறங்கியிருந்தாள்.

“ஏழு நாளைக்குக் கொடுத்திருக்காங்க. எட்டாவது நாளு உங்க மக ஸ்டேரிங்கத் தொட்டா என்னக் கேக்காதீங்க.”

அம்புரோஸ் தாளைக் கண்ணருகே வைத்துப் படித்தார். மகளின் பெயர் இருந்தது. வீட்டு முகவரி இல்லை. தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் இருந்தன. ஒரு பிழையும் இல்லை.

சனிக்கிழமை காலை ஏழரை மணி. ஜெரால்டின் சோக்கை இழுத்து மூன்றாவது தடவையில் எஞ்சினைக் கிளப்பினாள். பூ பின்சீட்டில் இருந்தது.

“ஏறுங்க டாடி.”

அவர் ஏறவில்லை. சுற்றிக்கொண்டு அவள் பக்க ஜன்னலுக்கு வந்தார். கையில் மடித்த தாள். ஜெரால்டின் சிறுமியாக இருந்தபோது நிலையப் படிக்கட்டில் உட்கார்ந்து இதை எத்தனையோ முறை பார்த்தவள். முழங்கையை மடக்கி ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். அவர் தாளை அதற்குள் செருகினார்.

“லைன் கிளியர்.”

“தேங்க்ஸ், மாஸ்டர்.”

பிறகுதான் இடப்பக்கம் போய்க் கதவைத் திறந்தார். அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்ததே இல்லை. அது சூசனின் இடம். சூசன் குள்ளம். கால் எட்டவில்லை என்று மனைவி சொன்னதால் அம்புரோசே ஸ்பானர் பிடித்து, சீட்டை இரண்டு துளை முன்னால் தள்ளி முறுக்கியிருந்தார். ஆறு ஆண்டுகளாக யாரும் உட்காராத சீட்டு. அவர் உட்கார்ந்ததும் முட்டி இரண்டும் முன்பலகையில் இடித்தன.

ஜெரால்டின் குனிந்து பார்த்தாள். “ரெண்டு போல்ட்தான் டாடி. ஸ்பானர் எங்க? அஞ்சு நிமிஷத்துல பின்னால தள்ளிடறேன்.”

ஸ்பானர் அவர் காலடியில்தான் இருந்தது.

“இருக்கட்டும். நீ போ.”

கிள்ளானுக்கு முப்பது கிலோமீட்டர். அவர் அப்படியே உட்கார்ந்து போனார்.