நூறு தோலுக்கு இந்த மேஜையில் ஏது இடம்?

எண்பதுகளின் கடைசியில் ஆம்பூர் தோல் தொழிற்சாலை ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். புரோகிராமை மிஷினுக்குப் புரியவைக்கும் கம்பைலரையும் நானே எழுதியிருந்தேன். அந்தத் திமிர் வேறு. ஒரு லாட்டில் நூறு தோல். அவற்றின் அளவுப் பட்டியலையும் லாட் நம்பரையும் கொடுத்தால், அச்சில் லாட் நம்பர் மட்டும் தாறுமாறாக வந்தது. டைப் செய்த ஸ்டெல்லாவை மூன்று முறை திரும்ப அடிக்க வைத்தேன். "கண்ணு எங்க இருக்கு?" என்றும் கேட்டுவிட்டேன்.

கடைசியில் எரிச்சலோடு, "அந்த லாட்டை எடுத்துட்டு வாம்மா, நானே பாக்குறேன்" என்றேன். குடோனில் அந்த லாட் இருக்கும் இடம் எழுதிய ஒரு சீட்டை நீட்டினாள்.

"லாட்டைக் கேட்டேன்."

"நூறு தோலை இந்த மேஜையில எங்க சார் வைக்கிறது? இங்க சீட்டுதான் வரும். தோல் குடோன்லயேதான் இருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. புரோகிராமின் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் பட்டியல் போவதில்லை. அது இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே போகிறது. என் கம்பைலரோ முழுப் பட்டியலும் வந்துவிட்டதாகக் கணக்கிட்டு, அத்தனை இடத்தையும் தாண்டிப் போய் லாட் நம்பரைத் தேடியிருக்கிறது. ஒரே வரியைத் திருத்தினேன். நம்பர் சரியாக வந்தது.

"மிஷின்ல கோளாறும்மா" என்றேன்.

"மிஷினை நீங்க ஒரு வார்த்தை திட்டலியே சார்" என்றாள் ஸ்டெல்லா.

அந்தக் கோளாறை எழுதியவன் நான்தான் என்று அப்போதும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.