கண்ணுக்குத் தெரியாத இரண்டு ஃபைல்கள்

எண்பதுகளின் கடைசியில் எங்கள் தேயிலை எஸ்டேட்டுக்கு இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்தன. அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது, பதினான்கு வருஷ சர்வீஸ், டைப்ரைட்டரில் நிமிடத்துக்கு அறுபது வார்த்தை அடிக்கும் விரல்கள். இவை எல்லாவற்றையும் நன்றாக யோசித்துப் பார்த்து, ஈப்போவில் நடந்த இரண்டு வாரப் பயிற்சிக்கு மேனேஜர் துரை வேறொருவனை அனுப்பினார்.

அவன் ஃபேக்டரி கிராணி, அதாவது குமாஸ்தா. நான் ஆபீஸ் கிராணி. ஒரே தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவர்கள், ஒரே வயது. பயிற்சி முடிந்து எங்கள் மலை டவுனான தானா ராத்தாவில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது அவன் கையில் ஒரு பெட்டி நிறைய டிஸ்கெட் இருந்தது. நான் தற்செயலாக அங்கே நின்றுகொண்டிருந்தேன். ஒரு மணி நேரமாகத் தற்செயலாக நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு கம்ப்யூட்டர் மாடியில் என் மேஜைக்கு வந்தது. இன்னொன்று நேர் கீழே, ஃபேக்டரி அறையில் அவன் மேஜைக்கு. பனி உள்ளே புகுந்து டிஸ்கெட்டில் பூஞ்சை பிடிக்காமலிருக்க, அலமாரிக்குள் எந்நேரமும் ஒரு பல்பு எரியும். எனக்குக்கூட எஸ்டேட் அவ்வளவு சூடு தந்ததில்லை. அவன் தரைப்பலகையில் ஓட்டை போட்டு இரண்டு மெஷினையும் ஒரு வயரால் இணைத்து, ஒரு புரோகிராமையும் ஏற்றினான்.

"மேல இருந்துக்கிட்டே என் ஃபைலு எல்லாத்தையும் பாக்கலாம் மச்சான். எடுக்கலாம், அழிக்கலாம். கதவே கெடையாது லா."

"பூட்டு?"

"நமக்குள்ள எதுக்குப் பூட்டு?"

இதைக் கேட்டு ஒரு நல்ல மனிதன் நெகிழ்ந்திருப்பான். நானோ, இவன் எதையோ மறைக்கிறான் என்று முடிவு செய்தேன்.

காரணம் இருந்தது. அந்த வருஷம் பெரிய கிராணி ஓய்வு பெறுகிறார். அவருடைய நாற்காலிக்கும், கணப்பு வைத்த அவருடைய வீட்டுக்கும் நாங்கள் இருவர்தான் போட்டி என்பது என் தீர்மானம். என் மனைவி அந்த வீட்டு ஜன்னல்களுக்குத் திரைத்துணிகூடப் பார்த்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் இப்படி ஓர் இடம் காலியானால், விண்ணப்பத்துக்கு முன்னால் மொட்டைக் கடிதம் போய்ச் சேரும். இடது கையால் எழுதி, தபால் முத்திரை ஊரைக் காட்டிக்கொடுக்காமலிருக்க, தள்ளியிருக்கும் கம்போங் ராஜா வரை போய்த் தபாலில் போடுவார்கள். மலைப்பாதையில் வாந்தி எடுத்துக்கொண்டே போய்ப் போட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஒருநாள் மதியம் அவன் சாப்பிடப் போன நேரத்தில் அவன் மெஷினுக்குள் இறங்கினேன். பட்டியலின் உச்சியில் இரண்டு ஃபைல்கள். அவன் மேஜையில் உட்கார்ந்து இதே பட்டியலைப் பார்த்திருக்கிறேன், அங்கே இவை கிடையாது. இந்தப் புரோகிராம் மட்டும்தான் காட்டிக்கொடுத்தது, ஒளித்துவைக்கப்பட்டவை என்று பக்கத்திலேயே ஒரு குறியும் போட்டு. என் மெஷினிலும் அப்படி இரண்டு இருக்கின்றனவா என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பொறாமைப்படுகிறவன் சொந்த வீட்டைச் சோதனை போடுவதில்லை.

திறந்தேன். ஒரு வரிகூடப் புரியவில்லை. கிறுக்கல்களுக்கு நடுவே குட்டிக் குட்டியாகச் சிரிக்கும் முகங்கள். மெஷின் 'பீப்' 'பீப்' என்று கத்தியது. ஆக, சங்கேத பாஷையில் மொட்டைக் கடிதம் எழுதியிருக்கிறான், போதாததற்கு என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்! ஈப்போவில் இதையா சொல்லிக்கொடுத்தார்கள்? அழிக்கும் பொத்தானை அமுக்கினேன். நிச்சயமாகவா என்று புரோகிராம் இரண்டு முறை கேட்டது. வாழ்க்கையில் நான் அவ்வளவு நிச்சயமாக இருந்ததே இல்லை.

மறுநாள் காலை அவன் மெஷின் எழுந்திருக்கவில்லை. தேயிலைப் பெட்டிகளின் பட்டியல் அதற்குள் மாட்டிக்கொண்டிருந்தது. வெளியே லோரி அந்தப் பட்டியலுக்காக இன்ஜினை அணைக்காமல் நின்றது. துரை இறங்கி வந்தார். அவர் வெள்ளைக்காரர் இல்லை, ஈப்போத் தமிழர். ஆனாலும் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் துரைதான்.

"யாரு கை வச்சது?"

அவன் திரையைப் பார்த்தான். பிறகு வயர் இறங்கிவரும் ஓட்டையைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற என்னைப் பார்க்கவில்லை.

"என் தப்பு சார். பூட்டுப் போடாம லைனத் தொறந்து விட்டுட்டேன். யாரு வேணும்னாலும் உள்ள வந்து அழிச்சிருக்கலாம். நான்தான் முன்னயே யோசிச்சிருக்கணும்."

துரையின் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. பதினான்கு வருஷத்தில் அந்த முகம் ஒருமுறைகூட என் பக்கம் திரும்பியதில்லை. தப்பு செய்தது நான், பேர் அவனுக்கா? என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான் சார் அழிச்சேன்."

மனசாட்சி உறுத்தியது என்று வீட்டில் பிறகு சொல்லிக்கொண்டேன்.

"எதுக்குய்யா?"

"ஒளிச்சு வச்சிருந்துச்சு சார்."

அதற்குள் அவன் ஒரு டிஸ்கெட்டைச் செருகி ஏதோ அடித்தான். பத்து நிமிஷத்தில் மெஷின் எழுந்துவிட்டது, லோரி புறப்பட்டது. "அது மெஷினோட சொந்த ஃபைலு மச்சான். அது இல்லாட்டி முழிக்கவே முழிக்காது. நம்மள மாதிரி ஆளுங்க கை படக்கூடாதுன்னுதான் ஒளிச்சு வச்சிருக்காங்க" என்றான். 'நம்மள' என்று என்னோடு தன்னையும் சேர்த்துக்கொண்டானே, அந்தப் பெருந்தன்மையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மாதக் கடைசியில் பெரிய கிராணி நாற்காலி அவனுக்குப் போனது. வீடு மாற்ற உதவிக்குப் போனேன். போகாவிட்டால் பொறாமை என்று ஊர் சொல்லும். அலமாரியின் ஒரு முனையை அவனும் மறு முனையை நானும் பிடித்துக்கொண்டு படியேறினோம். பாதிப் படியில் நின்றான்.

"ஆமா, அந்த ஃபைல்ல என்னா இருக்கும்னு நெனச்ச?"

"நீ என்னப் பத்தி தொரைக்கு எழுதியிருப்பேன்னு."

அவன் உண்மையாகவே திகைத்துப் போனான். "ஒன்னப் பத்தியா? நான் எதுக்குலா எழுதணும்?" என்று கொஞ்சம் யோசித்தவன், அலமாரிக்கு மேலாக என்னை எட்டிப் பார்த்தான்.

"ஏன் மச்சான், இந்த வேலைய நீயும் கேட்டிருந்தியா?"

"சேச்சே" என்றேன். "தூக்கு, கை வலிக்குது."